ஓஸ்தோயா வீட்டுப் புல்

இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, புதன்கிழமை காலை, மெஜாவிட்சா கிராமத்தில் ஓஸ்தோயாவின் சமையலறைத் தரையில் இரண்டு சாண் உயரத்துக்குப் புல் முளைத்தது. அன்றைக்குப் பால் கொள்முதல் விலை லிட்டருக்கு நாற்பத்தைந்து ஃபெனிங் காசு. மண் கிடையாது, விதை கிடையாது, ஈரம் கிடையாது. ஓக் பலகைத் தரை, அதுவும் முந்தின இலையுதிர்காலத்தில்தான் இழைத்து எண்ணெய் போட்டது. மறுநாள் காலை அவன் மேசையையும் நான்கு நாற்காலிகளையும் முற்றத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, கொட்டகையிலிருந்து ஆளுயரப் பிடி போட்ட அரிவாளை எடுத்துவந்து சமையலறையை அறுத்தான். அறுத்ததைப் பசுவுக்குப் போட்டான், பசுவும் தின்றது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம், பனிக்காலம் வெயில்காலம் என்று பார்க்காமல், வாரத்துக்கு இரண்டு தடவை அந்தச் சமையலறையை அவன் அறுத்தான்.

நான் இந்தப் பள்ளத்தாக்கின் பால் வண்டிக்காரன். முப்பத்தோரு வருடமாக ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்துகிறவன். பள்ளிவாசலுக்குப் போகிறவன் வீட்டுப் பால், நெஞ்சில் சிலுவையை வலது தோளிலிருந்து போடுகிறவன் வீட்டுப் பால், இடது தோளிலிருந்து போடுகிற கத்தோலிக்கன் வீட்டுப் பால், எல்லாம் என் டேங்கில் ஒன்றாகத்தான் விழுகிறது. தொண்ணூற்றிரண்டில் வந்த சண்டைக்கு முன்னாலும் சரி பின்னாலும் சரி, பிரித்து ஊற்று என்று ஒருத்தனும் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம். ஆகவே எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். எனக்கும் எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு, வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமைதான் பள்ளிவாசல்காரர்களில் ஒருத்தியான ஸும்ரா ஊருக்குத் திரும்பி வந்தாள். எட்டு வருடம் அகதிக் குடியிருப்பில் கிடந்துவிட்டு, ஒரு துணிப்பையும் ஒரு மண்வெட்டியுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவளுடைய வீட்டில் சுவர் மட்டும் மிச்சம். கூரை, கதவு, ஜன்னல் சட்டம், குழாய்கூட விடவில்லை, எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வெகுநாள் கழித்து ஊர் திரும்புகிறவருக்கு முதல் காப்பி பக்கத்து வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து வீடு ஓஸ்தோயா வீடு, அவர்கள் வலது தோள்காரர்கள். அவனுடைய மனைவி தேசா வேலியோரம் வந்து நின்று, உள்ளே வரும்படி கூப்பிட்டாள். பாவம், அவள் மனசாரத்தான் கூப்பிட்டாள். ஸும்ரா உட்கார்ந்தாள். வீடு எப்படி இருக்கிறது என்று தேசா கேட்டாள். "வீடு எங்க இருக்கு? உள்ள ஆளுயரத்துக்கு த்ராவா நிக்குது," என்றாள் ஸும்ரா.

த்ராவா என்றால் எங்கள் மொழியில் புல். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்ததும் பலகை இடுக்குகளில் பச்சை எட்டிப் பார்த்தது. தேசா சர்க்கரைக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு சாண் வந்துவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். "ஈரக்கசிவா இருக்கும்," என்றாள் தேசா. ஸும்ரா காப்பியைக் குடித்து முடித்தாள், கோப்பையைத் தட்டில் வைத்தாள், பிறகு நிறுத்தி நிதானமாக, "த்ராவா," என்றாள். இன்னொரு சாண். அவள் ஓஸ்தோயாவை நிமிர்ந்து பார்த்து, தன் புருஷன் ராகிப் எங்கே என்று கேட்டாள். "தெரியாது ஸும்ரா. அந்தக் காலம் அப்படி. யாருக்கு ஞாபகம்?" என்றான் அவன். அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "சரி, நாளைக்குக் காப்பிக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராகிப்பும் அவன் தம்பிகள் இரண்டு பேரும் ஓஸ்தோயாவோடு இருபது வருடம் ஒரே வரிசையில் நின்று புல் அறுத்தவர்கள். ஓஸ்தோயா வரிசைக்குத் தலைவன். முதல் பட்டை, அதாவது ஒரு ஆள் அறுத்துக்கொண்டு போகிற நீளத் தடம், அவனுடையது, அவன் அரிவாள் போகிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் வீச வேண்டும். இரண்டாவது ராகிப். தொண்ணூற்றிரண்டு ஜூலையில், ஊரில் பாதி வீடுகள், பள்ளிவாசல்காரர்கள் வீடுகள், பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயத்தில், ஓஸ்தோயா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, நாளைக்கு என் புல்லை அறுக்கணும், மூணு பேரும் வாங்கடா என்று கூப்பிட்டான். அரிவாளும் கையுமா நிக்கிறவனை எவன் தொடப்போறான், வீட்டுக்குள்ள ஒளிஞ்சா இழுத்துட்டுப் போவான், வெளியில அறுத்துக்கிட்டு நின்னா கையசைச்சுட்டுப் போவான் என்றான். ஸும்ரா வேலியோரம் நின்று கேட்டவள். வெளியூர்க்காரனாக இருந்தால் இப்படி ஒரு நேரத்தில் யாராவது புல் அறுக்கப் போவார்களா என்று சிரித்திருப்பான். எங்கள் ஊரில் மோபாவுக்கு, அதாவது கூலி வாங்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் நின்று அறுத்துக் கொடுக்கிற வேலைக்கு, அழைத்து வராமல் இருந்தவனை நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல்காரன்கூட வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவான். மூன்று பேரும் போனார்கள். மடையர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன்.

அன்று காலை அவர்களை நான் பார்த்தேன். பாதை கவடுபிரியும் இடத்தில் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள், வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். ராகிப், "டேய், தண்ணியைக் கலக்காதடா பால்ல!" என்று வழக்கம்போலக் கத்தினான். மத்தியானம் மலைமேல் சத்தம் கேட்டது. லாரி இன்ஜின் வெடிக்கிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று தடவை வெடிக்கிற இன்ஜின் இல்லை என்பது வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். மறுநாள் பஸ்கள் வந்து ஸும்ராவையும் மற்றப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போயின. ஓஸ்தோயா, அவர்கள் என் வயலுக்கு வந்துசேரவே இல்லை, வழியிலேயே யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னான். அவனுக்கு மலைமேல் மூன்று இடத்தில் புல்வெளி உண்டு, நடுவில் காடு, சண்டை முடிந்த பிறகு அத்தனையும் கண்ணிவெடி என்று பேச்சு. எங்கே என்று போய்த் தேடுவது? நானும் கவடுபிரியும் இடம்வரைதான் பார்த்தேன் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டேன்.

ஓஸ்தோயா வீட்டில் எவர் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னாலும் புல் முளைத்தது. மாடு வைத்திருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை புல் என்று சொல்ல வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள். முதல் வாரத்திலேயே தேசாவுக்கு நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. 'அது', 'அந்தப் பச்சை', 'மாட்டுக்குப் போடறது' என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அசதியில் ஒரு நாள் வாய் தவறும், ஒரு சாண் ஏறும். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சண்டை முடிந்ததும் எங்கள் ஆட்கள் நிலத்தைப் பிரித்தது போதாதென்று வார்த்தைகளையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கு இரண்டு பெயர், காப்பிக்கு மூன்று பெயர், மாதங்களுக்குக்கூட உன்னுடையது என்னுடையது என்று ஆகியிருந்தது. கடையில் தப்பான பெயரில் ரொட்டி கேட்டால் ரொட்டி தீர்ந்துவிட்டது என்பான், அலமாரி நிறைய அடுக்கி வைத்துக்கொண்டே. அப்படியென்றால் புல்லுக்கும் எங்கேயாவது இன்னொரு பெயர் இருக்கத்தானே வேண்டும்? அதைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது தொல்லை என்று அவள் கணக்குப் போட்டாள்.

மசூதிக்காரர்களிடமும் கத்தோலிக்கர்களிடமும் முதலில் கேட்டாள், த்ராவா என்றார்கள். பாலத்தில் அமைதிப்படைக் காவலுக்கு நின்ற ரஷ்யச் சிப்பாயிடம் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு போய், "தம்பி, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். அவன் ஏதோ சூழ்ச்சி என்று பயந்து அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி வந்து புல்லை வாங்கி முகர்ந்து பார்த்து, த்ரவா என்றார். மரம் ஏற்ற வந்த போலந்து லாரிக்காரன் த்ராவா என்றான். செக் நாட்டு இன்ஜினியர் கொஞ்சம் இழுத்து, அதே த்ராவா. உக்ரைன் சமையல்காரன், ஸ்லோவேனியாவிலிருந்து வரும் ஃப்ரிட்ஜ் வியாபாரி, எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், கேலி செய்கிறாளோ என்று அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் தக்காளி லாரி ஓட்டிவந்த பல்கேரியாக்காரன் ஒருத்தன் த்ரெவா என்றான். தேசா அவனுக்கு ஒரு பாட்டில் ராக்கியா சாராயம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்று மூச்சு வாங்கச் சொல்லிப் பார்த்தாள்: அரைச் சாண். பாதியாவது மிச்சமாச்சே என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு தடவை சொன்னால் ஒரு சாண் ஆகிவிடுகிறது என்று அப்புறம்தான் உறைத்தது.

பள்ளிக்கூடத்து நெவெங்கா டீச்சர் பீரோவிலிருந்து ஒரு பெரிய வரைபடத்தை எடுத்துவந்து இரண்டு மேசைகளைச் சேர்த்துப்போட்டு விரித்தாள். எந்த ஊரில் எதற்கு என்ன பெயர் என்று வீடு வீடாகக் கேட்டுப் போட்ட படங்கள் அவளிடம் ஒரு கட்டு இருந்தன. உருளைக்கிழங்குப் படத்தில் அம்மை போட்ட உடம்பு மாதிரி ஏழெட்டு நிறத்தில் புள்ளிகள். புல்லுக்குப் போட்ட படத்தில், எங்கள் கடலிலிருந்து அந்தப்பக்கம் பனிக்கடல் வரைக்கும், அத்தனை புள்ளியும் ஒரே நிறம். தேசா விரலை வைத்து வரிசையாகத் தேய்த்துப் பார்த்தாள். "இத்தனை பேருக்கும் ஒரே வார்த்தையா?" என்று கேட்டாள். "ஒரே வார்த்தைதான் தேசா. ஆயிரம் வருஷமா எவனும் மாத்தல. மாடு திங்கிறது, அதுல மாத்த என்ன இருக்கு?" என்றாள் டீச்சர். "அப்புறம் எதுக்குடி இந்த எழவெடுத்த சண்டை?" டீச்சர் படத்தைச் சுருட்டிக் கயிறு கட்டினாள். "அதுக்கு இந்த பீரோவுல படம் இல்லம்மா," என்றாள்.

தேசாவின் மகள் ஆஸ்திரியாவில் வேலைக்கு இருந்தாள். அவள் போனில் ஒரு ஜெர்மன் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள்: கிராஸ். தேசா சமையலறை நடுவில் நின்று சொன்னாள். ஒன்றும் முளைக்கவில்லை. பத்துத் தடவை சொன்னாள், பலகை பலகையாகவே இருந்தது. அவள் கைதட்டிச் சிரித்ததை நான் தெருவிலிருந்து கேட்டேன். சாயங்காலம் ஓஸ்தோயா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு மேசையைக் குத்தினான். "எங்கப்பனை ஜெர்மன்காரன் சுட்டுக் கொன்னான். அவன் பாஷை என் வீட்டுல கேட்கக் கூடாது!" என்று கத்தினான். தேசா சிரிப்பை நிறுத்தினாள். "உங்கப்பனை எந்த இடத்துல சுட்டாங்கன்னு உனக்குத் தெரியும். கல்லு நட்டு வெச்சிருக்கே. வருஷா வருஷம் போய்ப் பூ வெக்கிறே. அவளுக்கு என்ன இருக்கு? ராகிப் எங்க, சொல்லு. எங்கிட்ட மட்டுமாவது சொல்லு," என்றாள். அவன் அவளிடமும் தெரியாது என்றுதான் சொன்னான். அவள் அதற்குப் பிறகு வார்த்தை தேடவில்லை. இரண்டாயிரத்து நான்கில் மகளிடம் போய்விட்டாள். போகும்போது என் வண்டியில்தான் பஸ் நிலையம்வரை வந்தாள். கூட வாழ்ந்த முப்பது வருடத்தில் ஒரு பொய்கூட அவன் அவளிடம் சொன்னதில்லையாம், ஒன்றே ஒன்றுதானாம், அதைச் சொல்லிச் சொல்லி வழியெல்லாம் அழுதாள்.

ஸும்ரா ஒவ்வொரு நாளும் காலையில் வந்தாள். அவளுக்கு வேறு வேலையில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு பசு வாங்கியிருந்தாள், தோட்டம் போட்டிருந்தாள், சுவர் பூசிக்கொண்டிருந்தாள். ஆனால் காப்பி நேரம் தவறமாட்டாள். ஓஸ்தோயா கதவைச் சாத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்குக் காப்பி இல்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், நான்தான் செய்தேன் என்று சாலையில் நின்று கத்துவதற்குச் சமம். அதனால் அவன் தினம் கதவைத் திறந்தான், தினம் அடுப்பில் காப்பிப் பாத்திரத்தை வைத்தான். தேசா போனபிறகு அவன் போடுகிற காப்பி வாயில் வைக்க முடியாமல் போயிற்று. "இது காப்பியா, கால் கழுவின தண்ணியா?" என்று ஸும்ரா திட்டுவாள், ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். குடித்து முடித்து ஒரே ஒரு தடவை த்ராவா என்பாள், ராகிப் எங்கே என்று கேட்பாள், தெரியாது என்பதைக் கேட்டுக்கொண்டு எழுந்து போவாள். இரண்டாயிரத்து ஐந்தில் அவளுடைய கூரையை ஓஸ்தோயா தானாக வந்து போட்டுக் கொடுத்தான், பதினோரு நாள் வேலை, ஆணிகூடத் தன் காசில் வாங்கினான். அவள் தடுக்கவில்லை. கடைசி ஓட்டை வைத்துவிட்டு அவன் ஏணியில் இறங்கும்போது கீழே நின்று, "கூரைக்கு நன்றி ஓஸ்தோயா. ராகிப் எங்க?" என்று கேட்டாள். அவன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் அவனைக் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அன்று மலைமேல் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் ஒருத்தனுக்கு இப்போது டவுனில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, இன்னொருத்தன் நகராட்சியில் உட்கார்ந்திருக்கிறான். அவர்களுக்குப் பயந்தான் என்பது பாதி. எங்கே என்று சொன்னால், அங்கே அழைத்துவந்தது யார் என்ற அடுத்த கேள்வி வரும் என்பது மீதி. அவர்கள் காத்திருப்பது தெரிந்துதான் கூப்பிட்டானா, தெரியாமல் கூப்பிட்டானா? நான் சொல்வேன், தெரிந்துதான். நல்லவன் என்று நாங்கள் எல்லோரும் நம்பிய மனுஷன், பஞ்சத்தில் அடுத்தவனுக்கு வைக்கோல் கொடுத்தவன், ஒரே ஒரு சாயங்காலம் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினான், அவ்வளவுதான். புல் அதற்குள் சமையலறையைத் தாண்டிப் படுக்கையறைக்கும் போயிருந்தது. கட்டிலின் காலைச் சுற்றி அறுப்பதற்கு அவன் முழங்காலில் நின்று கைக்கத்தியால் அரிந்தான். அந்தப் புல்லைத் தின்ற பசுவின் பாலில் கொழுப்பு நாலு புள்ளி இரண்டு, பள்ளத்தாக்கிலேயே அதிகம். பால் நிலையத்துக்காரர்கள் என்ன தீவனம் என்று விசாரித்தார்கள். வீட்டுப் புல் என்றேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வசந்தத்தில் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் ஓஸ்தோயாவின் மூன்று புல்வெளிகளில் ஒன்றான மேட்டு வெளியில் வேலையை முடித்து, மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காட்டைச் சுற்றித்தான் வெடி இருந்ததே தவிர புல்வெளிக்குள் இல்லை. பின்புறத்துக் கழுதைப்பாதை ஓஸ்தோயா ஒருத்தனுக்குத் தெரியும், சண்டை முடியாத வருடத்திலிருந்தே அவன் அதில் ஏறிப்போய்த் தனியாக அறுத்துக்கொண்டிருந்தான். வெடி எடுத்த பிறகு, மெஷின் வைத்து அறுத்துத் தருகிறேன் என்று பலர் கேட்டும் விடவில்லை. ஜூலை மூன்றாம் வாரத்தில் ஸும்ரா, காயத்துக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காக மஞ்சள் பூப் பறிக்க, பதினேழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அங்கே ஏறினாள். வெளி முழுவதும் அறுத்துக் காயப்போட்டிருந்தது. காட்டுப் பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில் மட்டும், வெளியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, அரிவாள் படாமல் மூன்று பட்டைப் புல் மார்பளவுக்கு நின்றது. அடுத்தடுத்து மூன்று. ஒவ்வொன்றும் ஒரு ஆள் அரிவாள் வீசுகிற அகலம்.

இதை உங்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். ஸும்ராவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வரிசையாக நின்று அறுக்கும்போது ஆளுக்கு ஒரு பட்டை. ஒருத்தன் வரவில்லை என்றால், நோயோ சாவோ சிறையோ, அவன் பட்டையை அடுத்தவன் தொடமாட்டான். அது அப்படியே நிற்கும், அவன் வீட்டிலிருந்து யாராவது வந்து அறுக்கும்வரை. தொட்டால் அந்த மனுஷன் இனிமேல் இல்லை என்று நீ தீர்மானித்துவிட்டாய் என்று ஆகிவிடும், எங்கள் ஊரில் எந்தப் போக்கிரியும் அதைச் செய்யமாட்டான். வரிசைத் தலைவன் செய்வானா? இருபது வருடம் பழகிய கை. ராகிப் விழுந்த இடத்துக்கு வந்ததும் அது தானாகத் தூக்கிக்கொண்டு மூன்று பட்டை தள்ளிப்போய் இறங்கியிருக்கிறது. பதினேழு கோடைகாலம். பின்னால் ஒரு நாள் நான் அவனிடம், ஏண்டா அந்த மூன்று பட்டையை விட்டாய் என்று கேட்டேன். "எந்தப் பட்டை?" என்றான். நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஸும்ரா கத்தவில்லை, அழவில்லை. பூக்கூடையை மரத்தடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி நேராக ஓஸ்தோயா வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் பால் அளந்துகொண்டிருந்தேன். அவன் சமையலறையை அறுத்துக்கொண்டிருந்தான். "அரிவாளைக் குடு," என்றாள். அவன், எதுக்கு என்றான். "மேட்டுல மூணு பட்டை அறுக்காம நிக்குது. எங்க வீட்டுப் பட்டை," என்றாள். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து தீயை அணைத்தது. பிறகு அரிவாளின் பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினான். நான் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன், பால் கெட்டுப்போனால் போகட்டும் என்று. பெண்கள் எங்கள் ஊரில் வாரிச் சேர்ப்பார்களே தவிர அறுக்கமாட்டார்கள்; அவளுக்கு வீசத் தெரியவில்லை, நுனி மண்ணில் குத்தியது, கல்லில் பட்டது, உள்ளங்கை கிழிந்தது. நான் அறுக்கிறேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். "நீ யாரு எங்க வீட்டுக்கு?" என்று திரும்பிக் கேட்டாள். நான் போய்ப் பேரிக்காய் மரத்தடியில் உட்கார்ந்தேன். கொழுந்தன்மாரின் பெண்டாட்டிகள் இரண்டு பேரும் ஸ்வீடனில் இருந்ததால் மூன்று பட்டையையும் அவளே அறுத்தாள். முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான், காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொன்னாள்.

செப்டம்பரில் தோண்டினார்கள். மூன்று பட்டைக்கும் கீழே, ஒவ்வொன்றிலும் ஒருத்தராக, ஒரு கை ஆழத்தில் கிடந்தார்கள். எலும்பைச் சோதித்துப் பெயர் சொல்வதற்கு அடுத்த வருடம் ஆயிற்று, ஜூலையில் அடக்கம் நடந்தது. நானும் போய் ஒரு மண்வெட்டி மண் போட்டேன், யாரும் தடுக்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. ஓஸ்தோயாவை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் விசாரித்தார்கள். புல் அறுக்கக் கூப்பிடுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று அவன் வக்கீல் கேட்டாராம். அங்கே எழுதிக் கொடுத்த தாளிலும் தெரியாது, ஞாபகமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டான். பெட்ரோல் பங்க் இன்னும் திறந்துதான் இருக்கிறது, என் வண்டிக்கும் அங்கேதான் டீசல்.

ஸும்ரா அவன் வீட்டுக்குக் காப்பிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்தச் சொல்லை அந்த வீட்டில் சொல்ல இப்போது ஆள் கிடையாது. புல்லோ இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொண்ட மாதிரி தானாகவே வளர்ந்தது, ராத்திரி பகலென்று பார்க்காமல். அவன் டவுனில் புது அரிவாள் வாங்கிவந்தான். முதல் வீச்சிலேயே கம்பிமேல் பட்டதுபோல் அலகு மடங்கியது. மெஷின் வாடகைக்கு எடுத்தான், அது வாசற்படியிலேயே நின்றுவிட்டது. கையால் பிடுங்கினான், பிடுங்கின இடத்தில் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்தது. அடக்கம் முடிந்த பதினாறாம் நாள் காலை, பால் எடுக்கிற நேரத்தில், அவன் ஸும்ரா வீட்டு வேலியருகே வந்து நின்றான். சட்டையெல்லாம் புல் விதை. அவள் கேனை என்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய பழைய அரிவாள் அவளுக்குப் பின்னால் கொட்டகைச் சுவரில், சாலையில் போகிற எவனுக்கும் தெரிகிற மாதிரி ஆணியில் தொங்கியது.

"ஸும்ரா, என் அரிவாள் எங்க?" என்றான்.

அவள் கேன் மூடியை அழுத்தி மூடினாள். "தெரியாது ஓஸ்தோயா," என்றாள்.

"அதோ, உனக்குப் பின்னால தொங்குதே."

"எனக்குத் தெரியாது. அந்தக் காலம் அப்படி. யாருக்கு ஞாபகம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் டேங்கின் மூடியைத் திறந்து பாலை ஊற்றினேன். அன்று மலைமேல் எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவள் அரிவாளைக் கொடுத்திருப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் திரும்பி நடந்தான். ஊரில் வேறு எவரும் அவனுக்கு அரிவாள் இரவல் கொடுக்கவில்லை. பேசிவைத்துக்கொண்டு செய்ததில்லை, அவன் கேட்கவும் இல்லை.

இப்போது புல் ஜன்னலை மறைத்து ஓட்டு விளிம்புவரை நிற்கிறது. ஓஸ்தோயா உள்ளேதான் இருக்கிறான். தபால்காரர் பென்ஷன் தாளைப் புல்லுக்குள் நீட்டுவார், ஒரு கை வந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும். மின்சார மீட்டர் பார்க்க வருகிற பையன் முதல் மாதம் மிரண்டு ஓடினான், இப்போது குச்சியால் விலக்கிப் படித்துக்கொண்டு போகிறான். எவர் மாடு கயிறு அறுத்துக்கொண்டு போனாலும் நாங்கள் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கிறோம், பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது. இந்த வருடம் பால் விலை ஐம்பத்தெட்டு ஃபெனிங்.